புத்தகம் மடியில், கை போனில்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பாசிரியர் பொறுப்பும் பல ஆண்டுகளாக என்னிடமே இருக்கிறது. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் வெளியான வாரத்தில் பெற்றோர் ஒருவர் பின் ஒருவராக வந்து சொல்வது ஒரே புகார்தான்: "எந்நேரமும் போனுதான் சார்." அப்படி வருகிறவர்களில் பலர், போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டில் ஒரு சண்டையும் முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருப்பார்கள். மின்விசிறி சுற்றவில்லை என்றதும் பியூஸைப் பார்க்காமல் மோட்டாரைக் கழற்றுகிற வேலை அது. திரும்பத் திரும்ப இதே பழுதைப் பார்த்துச் சரிசெய்ததில் எனக்குப் பிடிபட்ட வரிசையைக் கீழே தருகிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். முதலில் சொன்னதைச் சரிபார்க்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

தொடங்கும் முன் எடுக்க வேண்டிய அளவு

ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்றும், ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்றும் ஒரு பகுதி உண்டு. அதில் மூன்று எண்களை மூன்று நாட்களுக்கு ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்தச் செயலியில் எத்தனை நேரம், ஒரு நாளில் எத்தனை முறை போன் எடுக்கப்பட்டது, எத்தனை அறிவிப்புகள் வந்தன. இதை மாணவரே தம் கையால் எழுத வேண்டும். பெற்றோர் ஒளிந்து பார்த்து எழுதினால் நான்காம் நாள் பாஸ்வேர்டு மாறியிருக்கும். பிறகு எந்த அளவும் கிடைக்காது.

மொத்த நேரம் குறைவாகவும், எடுத்த எண்ணிக்கை மிக அதிகமாகவும் இருந்தால் முதல் அறிகுறிக்குச் செல்லவும். எடுத்தது சில முறைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் முக்கால் மணி, ஒரு மணி என்று நீண்டிருந்தால் இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்க்கவும். அறிவிப்புகளில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பிலிருந்து வந்திருந்தால் நேராக நான்காவதற்குச் செல்லலாம்.

அறிகுறி 1: புத்தகத்தைத் திறந்த பத்து நிமிடத்தில் கை போனுக்குப் போகிறது

*ஓசையும் அதிர்வும்.* மிக எளிய காரணம் இதுதான். இன்ஸ்டாகிராம், யூடியூப், ஸ்னாப்சாட் ஆகியவற்றின் அறிவிப்புகளை முழுவதுமாக நிறுத்திவிட்டு, அழைப்புகளை மட்டும் விட்டுவைக்கவும். மூன்று நாள் கழித்து, எடுத்த எண்ணிக்கையை மறுபடி பார்க்கவும். கண்கூடாகக் குறைந்திருந்தால் வேலை முடிந்தது. மேற்கொண்டு எதையும் தொட வேண்டாம்.

*கைக்கெட்டும் தூரம்.* ஓசையை நிறுத்தி, போனைக் கவிழ்த்து, மேசை மேலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. 2017-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள், மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தவர்களைவிடக் கவனத்தைச் சோதிக்கும் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள். அத்தனை போன்களும் ஓசையற்றுத்தான் இருந்தன. ஆகவே போன் வேறு அறைக்குப் போக வேண்டும். வேறு அறை இல்லாத வீட்டில், எழுந்து நாலடி நடந்தால்தான் எடுக்க முடியும் என்கிற உயரத்தில், சமையலறை மேல்தட்டிலாவது வைக்கவும். பள்ளிப் பையில் வைப்பது கணக்கில் சேராது.

*வேறு வேலைக்காக எடுத்து மாட்டிக்கொள்வது.* இதைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மூன்று நாள் அளவை எழுதச் சொன்னபோது என் வகுப்பு மாணவி ஒருவர், எதற்காக எடுத்தார் என்பதையும் தாளின் ஓரத்தில் தாமாகவே எழுதி வந்தார்: "7.10 – மணி பார்க்க. வைத்தது 7.52." அதற்குக் கீழே, "8.15 – 0.693-ஐ வகுக்க. வைத்தது 8.40." மணி பார்க்கவும் கணக்குப் போடவும் எடுத்த போனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது, அதில் சமூக ஊடகத்துக்கென்று ஒருமுறைகூட அவர் எடுக்கவில்லை. பரிகாரம் அதிகச் செலவில்லாதது: மேசையில் ஒரு சிறிய கடிகாரம், பக்கத்தில் ஒரு அகராதி, கால்குலேட்டருக்குப் பதில் மடக்கை அட்டவணை (லாக் புக்). பொதுத்தேர்வு அறையில் மடக்கை அட்டவணைதான் துணையாக இருக்கப்போகிறது என்பதால் அந்தப் பழக்கம் எப்படியும் வேண்டியதே.

*பாடம் புரியாமை.* மேலே சொன்ன மூன்றையும் சரிசெய்தும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால், ஒவ்வொரு முறை எழும்போதும் புத்தகத்தில் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். பக்கங்கள் சிதறிக் கிடந்தால் அது வெறும் பழக்கம். ஒரே பாடத்தைச் சுற்றி வந்தால் பழுது போனில் இல்லை. மின்னியல் பாடத்தில் உள்ள வீட்ஸ்டோன் சமனச்சுற்று என்ற மின்சுற்றுக்கு வரும்போதெல்லாம் இன்ஸ்டாகிராமைத் திறந்த ஒரு மாணவரைப் பலகைக்கு அழைத்து, சுற்றை வரையச் சொன்னேன். படத்தைப் பிழையில்லாமல் வரைந்தார். மின்னோட்டங்களுக்குச் சமன்பாடு எழுதச் சொன்னதும் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றார். ஒன்பதாம் வகுப்பில் படித்திருக்க வேண்டிய ஒருங்கமைச் சமன்பாடுகள், அதாவது தெரியாத இரண்டு மதிப்புகளைச் சேர்த்துக் கண்டுபிடிக்கும் கணக்குகள், அவருக்கு வரவில்லை. இரண்டு மாலை அதற்குச் செலவிட்ட பிறகு அந்தப் பாடத்தில் போன் தொல்லை போய்விட்டது. இத்தகைய இடத்தில் அழைக்க வேண்டிய நிபுணர் அந்தப் பாட ஆசிரியர்தான். பெற்றோர் "படி, படி" என்று சொல்வதில் பயனில்லை. எதைப் படிக்க முடியவில்லை என்பதைக் குறித்து அனுப்பினால் பயனுண்டு.

அறிகுறி 2: மூன்று மணிநேரம் உட்கார்ந்தும், கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை

பெரும்பாலும் இவர்கள் வீடியோ பார்த்துப் படிக்கிறவர்கள். பாடத்தில் தொடங்கி ஷார்ட்ஸில் முடிந்திருப்பார்கள். ஒரே கருவி இரண்டு வேலையும் செய்கிறது என்பதுதான் இதில் சிக்கல். ஊரகப் பகுதிகளில் எடுக்கப்பட்ட 2024-ஆம் ஆண்டின் ஏசர் (ASER) கல்வி நிலை ஆய்வறிக்கைப்படி, ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில், அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காட்டினர், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காட்டினர்.

முதலில் யூடியூபின் பார்வை வரலாற்றைத் திறந்து, பாட வீடியோவுக்கு அடுத்து என்ன ஓடியது என்று பார்க்கவும். தானாக அடுத்தது ஓடியிருந்தால் 'ஆட்டோபிளே' பொத்தானை அணைத்தால் போதும். முகப்புப் பக்கம் இழுத்திருந்தால், பார்வை வரலாற்றை அழித்துவிட்டு, இனிப் பதிவாகாதபடி நிறுத்தி வைக்கவும். பரிந்துரைகள் நீங்கி முகப்பு வெறுமையாகிவிடும், தேடினால்தான் எதுவும் கிடைக்கும். தேடுகிற வேலையையும் குறைக்க விரும்பினால், 2018 முதல் படிப்படியாக வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாகியிருக்கும் க்யூஆர் குறியீட்டை அரசின் கல்விச் செயலியான திக்ஷாவில் காட்டிப் பாடத்துக்கு நேராகப் போகலாம். வீட்டில் தொலைக்காட்சி இருந்தால் வீடியோவை அதில் போட்டுக் கூடத்தில் பார்ப்பது இன்னும் நல்லது. நாலு பேர் நடமாடும் இடத்தில் ரீல்ஸுக்குத் தாவுவது கடினம்.

இவ்வளவும் செய்த பிறகும் நினைவில் நிற்கவில்லை என்றால் பார்க்கும் முறைதான் குறை. பத்து நிமிட வீடியோவுக்குப் பின் போனை மூடிவிட்டு, புக் பேக் வினாக்களில் இரண்டுக்குப் பார்க்காமல் விடை எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவரை அடுத்த வீடியோ வேண்டாம். தனிப்பயிற்சியில் சேர்ப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அறிகுறி 3: முதல் பாடவேளையிலேயே தூக்கம்

வருகைப்பதிவு எடுக்கும்போதே தலை மேசையில் சாயும் மாணவரைத் திட்டிப் பயனில்லை என்பதைத் தாமதமாகத்தான் கற்றேன். "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்த?" என்று கேட்டால் எல்லாரும் பத்து மணி என்பார்கள். அது பொய்யும் அல்ல. பத்து மணிக்குப் படுத்தவர் பன்னிரண்டு மணிக்கு எழுந்திருப்பார். காரணத்தை ஒரு மாணவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "பன்னெண்டு மணிக்கு நெட் வந்துடும் சார்."

தினமும் இத்தனை ஜிபி என்று வரும் ரீசார்ஜ் திட்டங்களில் கணக்கு நள்ளிரவில் புதிதாகத் தொடங்குகிறது. மாலையிலேயே தீர்த்துவிட்டவருக்கு 12 மணிக்கு முழு அளவும் மறுபடி கிடைக்கிறது. பெற்றோர் ஆர்வத்தோடு வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு 'ஆப் டைமர்' அதே நள்ளிரவில்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நாளுக்கு அரை மணி என்று வைத்தால், 11.59-க்குச் சாம்பல் நிறத்தில் கிடந்த செயலி 12 மணிக்கு உயிர்த்தெழும். கட்டுப்பாடு என்று நாம் நினைத்தது அலாரமாக வேலை செய்கிறது. இதைச் சோதிப்பது சுலபம்: காலை ஏழு மணிக்கு அன்றைய டேட்டாவில் எவ்வளவு மீதம் என்று பார்க்கவும். விடியுமுன்பே பாதி தீர்ந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. அளவற்ற 5ஜி டேட்டா உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவர்கள் ஸ்கிரீன் டைமில் மணிவாரி வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

சரிசெய்யும் வரிசை இது. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றவும். எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கவும். "அலாரத்துக்குத்தான் பக்கத்துல வெச்சிருக்கேன்" என்ற நியாயம் அதோடு போய்விடும். ஆப் டைமரை நம்பாமல், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை என்று நேரம் குறித்து 'பெட்டைம் மோட்' அல்லது ஐபோனின் 'டவுன்டைம்' வைக்கவும். நள்ளிரவு அதற்கு எல்லையல்ல. ஆண்ட்ராய்டில் இது திரையை நிறமற்றதாக்கி அறிவிப்புகளை அடக்குமே தவிரப் பூட்டாது, ஆகவே சார்ஜர் இடம் மாறுவதுதான் முக்கியம். அந்தக் கூடத்து மேசைக்குப் பெற்றோரின் போன்களும் வர வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லும்போதுதான் எதிரே இருக்கும் தந்தைமார்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

ஸ்னாப்சாட் பயன்படுத்துகிற பிள்ளைகளுக்கு இன்னொரு காரணம் உண்டு. நண்பர்கள் இருவர் ஒவ்வொரு 24 மணிநேரத்துக்குள்ளும் ஆளுக்கொரு படம் அனுப்பிக்கொண்டால்தான் அவர்களுடைய 'ஸ்ட்ரீக்' எண் வளரும், தவறினால் போய்விடும். முந்நூறு நாள் ஸ்ட்ரீக்கை விடச் சொன்னால் அழுதுவிடுவார்கள், அதனால் விடச் சொல்ல வேண்டாம். மாலை ஆறு மணிக்கு அனுப்பி முடித்துவிட்டுப் படிக்க உட்காரச் சொன்னால், ஒரு நிமிடத்தில் தீர்கிற விஷயம்.

போன் கூடத்திலேயே கிடந்தும், இரண்டு வாரமாகப் பிள்ளை இரவு ஒரு மணி வரை விழித்தே படுத்திருந்தால் அது போனின் பழுதல்ல. குடும்ப மருத்துவரிடம் காட்டவும்.

அறிகுறி 4: "குரூப்புலதான் ஹோம்வொர்க் வருது"

இது பாதி சாக்கு, பாதி உண்மை. உண்மையான பாதிக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் பொறுப்பு. கொரோனா காலத்தில் தொடங்கிய வகுப்புக் குழுவைப் பள்ளி திறந்த பிறகும் நானே தொடர்ந்து நடத்திவந்தேன். ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு, மறுநாள் தேர்வுக்கான வினாக்களை அனுப்பினேன். நாற்பத்தாறு பேர் இருந்த வகுப்பில் முப்பத்தொரு "ஓகே சார்" வந்தது. இடையில் ஒரு "குட்நைட்", இரண்டு கும்பிடும் கைகள். ஒவ்வொன்றும் நாற்பத்தாறு போன்களை மினுக்கியிருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

மாணவர் பக்கத்தில் செய்ய வேண்டியது: குழுவை 'எப்போதும்' என்று மியூட் செய்து, ஆர்க்கைவில் போட்டு, நாளுக்கு ஒருமுறை, படிக்க உட்காரும் முன் திறந்து, வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு மூடவும். யார் வேண்டுமானாலும் தம்மைக் குழுக்களில் சேர்க்க முடியாதபடி தனியுரிமை அமைப்பையும் மாற்றிக்கொள்ளலாம். வகுப்புக் குழுவுக்குள்ளிருந்து முளைக்கும் 'ஆசிரியர் இல்லாத குழு'தான் உண்மையில் நேரத்தைத் தின்பது. அதையும் அதே முறையில் மியூட் செய்யவும், வெளியேறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அந்த வயதில் குழுவிலிருந்து வெளியேறுவது தெருவிலிருந்து தள்ளிவைக்கப்படுவதைப் போல.

ஆசிரியர் பக்கத்தில் செய்ய வேண்டியது: அட்மின் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றவும், மாலை ஆறு மணிக்குப் பின் எதையும் அனுப்ப வேண்டாம், வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, குழுவில் போடுவதை நகலாக மட்டும் வைத்துக்கொள்ளவும். என் வகுப்பில் இதைச் செய்தபின் "ஹோம்வொர்க்குக்கு போன் வேணும்" என்ற வாதம் வீடுகளில் எடுபடவில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இன்னும் இரவில் வந்துகொண்டிருந்தால் வகுப்பாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். பிறகு தலைமையாசிரியர், அதன்பின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். பெரும்பாலும் முதல் படியிலேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி 5: நேரக்கட்டுப்பாடு வைத்தும், செயலியை நீக்கியும் பயனில்லை

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது ஆசிரியர் அறையில் நாங்கள் மகிழ்ந்தது நினைவிருக்கிறது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு செயலியை நீக்கினால் அந்த நேரம் இன்னொன்றுக்குப் போகும். எங்கே போயிருக்கிறது என்று தேட வேண்டும்.

தேட வேண்டிய இடங்கள்: குரோம் போன்ற உலாவியில் திறந்த இன்ஸ்டாகிராம், தங்கையின் டேப், பாட்டியின் போன், போனுக்குள் இரண்டாவது பயனர் கணக்கு. ஐபோனில் வரம்பு முடிந்ததும் 'இன்றைக்கு மட்டும் புறக்கணி' என்ற வழி திறந்திருக்கும். ஸ்கிரீன் டைமுக்குத் தனிப் பாஸ்கோடு போட்டு, வரம்பு முடிந்தால் தடுக்கும் பொத்தானையும் இயக்கினால்தான் அது மூடும். ஆண்ட்ராய்டின் ஆப் டைமரை மாணவரே நீக்கிவிட முடியும் என்பதால், பூட்டு வேண்டுமென்றால் 'ஃபேமிலி லிங்க்' போன்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி தேவைப்படும்.

அதற்கும் முன்பு, இன்ஸ்டாகிராம் கணக்கில் பிறந்த ஆண்டு என்னவென்று பாருங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்குகளுக்கு அந்த நிறுவனம் தானாகவே சில தடைகளைப் போடுகிறது. இந்தியாவில் இது 2025-இல் வந்தது. இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கும், நாளுக்கு 60 நிமிடம் ஆனதும் நினைவூட்டல் வரும், 16 வயது ஆகாதவர் பெற்றோர் ஒப்புதலின்றி இவற்றைத் தளர்த்த முடியாது. நான் பார்த்த பல கணக்குகளில் பதினாறு வயதுப் பிள்ளைகள் 1998-இல் பிறந்திருந்தார்கள்.

அறிகுறி 6: போனைக் கேட்டாலே கொதிப்பு, அல்லது நன்றாக இருந்தவர் திடீரென ஒடுங்கிப்போவது

இரண்டும் வேறு வேறு. முதலாவதில், போனை வாங்கியதும் கத்துவது, ஒரு நாள் சாப்பிடாமல் இருப்பது போன்றவை வீட்டிலேயே அடங்கக்கூடியவை. பிடுங்குவதை நிறுத்தி, மேலே சொன்னபடி இடத்தையும் நேரத்தையும் மாற்றினால் பெரும்பாலும் தணியும். பொருளை உடைப்பது, பெற்றோரை அடிப்பது, பள்ளிக்கே வர மறுப்பது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வேன் என்று சொல்வது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இந்த வழிமுறையை அங்கேயே நிறுத்திவிடவும். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் மனநல உதவிச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போன் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் 'ஷட்' என்ற சிகிச்சைப் பிரிவு நடந்துவருகிறது.

இரண்டாவதில் முற்றிலும் வேறு காரணம் இருக்கலாம். போனைப் பார்த்ததும் முகம் மாறுவது, அறிவிப்பு வந்தால் திடுக்கிடுவது, திடீரெனக் கணக்கை நீக்குவது, காரணமின்றிப் பணம் கேட்பது ஆகியவை கவனச் சிதறலின் குறிகள் அல்ல; யாரோ மிரட்டுகிறார்கள் என்பதன் குறிகள். இங்கே போனைப் பிடுங்குவது ஆகக் கெட்ட வழி, ஏனென்றால் சான்று அதில்தான் இருக்கிறது. "உன்மேல் தப்பில்லை, என்ன நடந்தது?" என்ற கேள்வி முதலில் வர வேண்டும். உரையாடல்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவும், பணம் அனுப்ப வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. 18 வயதுக்குக் குறைந்தவரின் அந்தரங்கப் படம் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் காவல் நிலையத்தில் நேராகப் புகார் கொடுக்கலாம். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையில், படத்தை யாருக்கும் அனுப்பாமலேயே கைரேகை போன்ற அதன் எண்ம அடையாளத்தை மட்டும் பதிவுசெய்து, இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட தளங்களில் அது பரவாமல் தடுக்கக் கோரலாம்.

மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போவதாக இருந்தால், மாணவர் தம் கையால் எழுதிய அந்த மூன்று நாள் தாளையும் எடுத்துச் செல்லவும். "எவ்வளவு நேரம் பார்க்கிறான்?" என்று அவர்கள் கேட்கும்போது "எந்நேரமும்" என்று சொல்வதற்குப் பதிலாக அதை மேசையில் வைக்கலாம்.